டங்கனின் பெயருக்குப் பக்கத்தில்

டோஸ்ட் கருகும் வாசனை வந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வக்கீல் அனுப்பிய படிவம் வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் தேநீர்க் கெண்டிக்கும் நடுவே கிடந்தது. மூக்கில் வியர்த்தாற்போல, ஓல்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள் மாமியார் பெரில்.

"வீடு உன் பேர்ல மட்டுமாம்! என் பையன் சும்மா குடியிருக்கற ஆளாம்! 'எனக்கு எந்த உரிமையும் இல்லை'ன்னு கையெழுத்து வேற போடணுமாம்! நல்லா இருக்கும்மா... ரொம்ப நல்லா இருக்கு!"

ரோவீனா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யோசனை அவளுடையதே அல்ல. அவள் கணவன் டங்கன் ஏற்கெனவே தன் முதல் மனைவி பிலிப்பாவோடு சேர்ந்து ஒரு வீடு வாங்கியவன். அவன் பெயரைச் சேர்த்தால், முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கான வரிச் சலுகை போய்விடும். ரயில் ஓட்டுகிற ரோவீனாவின் சம்பளத்துக்கே வங்கி கடன் தரும். அவள் பெயரில் மட்டும் வாங்கினால், மிச்சத்தில் புதுச் சமையலறை போடலாம் என்று சொன்னவன் டங்கன்தான். சொன்னவன் இப்போது சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அம்மா, வரிக்காகத்தான்..."

"நீ சும்மா இருடா! பிலிப்பா வீட்டை வச்சுக்கிட்டு உன்னை ரெண்டு பையோட அனுப்பினா. எட்டு மாசம் என் சோபாவுல கிடந்தே. இப்ப இவ..."

பிலிப்பா! அந்தப் பெயரைக் கேட்டதும் ரோவீனாவுக்கு வயிறு எரிந்தது. இரண்டு வாரமாகவே எரிந்துகொண்டுதான் இருந்தது. டங்கனின் பழைய வீட்டுப் பத்திரத்தின் நகலை வக்கீலுக்கு அனுப்பும்போது அவள் பார்த்துவிட்டாள். டங்கன், பிலிப்பா. ஒரே வரியில், ஒட்டிக்கொண்டு!

"அவளையும் என்னையும் ஒண்ணாப் பேசாதீங்க, பெரில்!" என்று வெடித்தாள். "முழு வீடு யாருக்கு வேணும்? உங்க பிள்ளை ஆசைப்பட்டாரேன்னு தலையாட்டினேன். அவ பேருக்குப் பக்கத்துல தன் பேரை எழுத இவர் ஒரு நிமிஷம் யோசிச்சாரா? என்கிட்ட வந்தா மட்டும் வரியாம், மிச்சமாம்!"

டங்கன் கரண்டியை வைத்தான். "ரோ... இது பொறாமையா?"

"ஆமா, பொறாமைதான்! சொல்லிட்டேன், போதுமா? அந்தப் பழைய சமையலறையிலேயே சமைச்சுக்கறேன். சலுகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தத் தாள்ல நீ கையெழுத்துப் போட்டே... நான் அந்த வீட்டுல காலெடுத்து வைக்க மாட்டேன்!"

பெரில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்கள் நிரம்பிவிட்டன.

"நீ வீட்டை அமுக்கப் பார்க்கறேன்னு நினைச்சேனே கண்ணு... எனக்கும் உன் மேல பொறாமைதான். எட்டு மாசம் என் வீட்டுல இருந்தான், என்கிட்ட ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசலை. உன்னைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு நிறுத்தாம பேசினான்... நான் பெத்தவ, அப்பவும் எனக்கு வலிச்சுது."

ரோவீனாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

டங்கன் படிவத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு வக்கீலுக்குப் போன் போட்டான்.

"ஆமாங்க, வரி கட்டிடறோம். ரெண்டு பேர் பேர்லயும் எழுதுங்க. டங்கன் ஆஷ்வொர்த், ரோவீனா ஆஷ்வொர்த்."

அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு பெயரையும் சேர்த்து இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னான்.