ஜீப் படுதா என்ன விலை?

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர்கூடப் போன் செய்யவில்லை.

அனுசுயா கம்ப்யூட்டர் திரையின் அடியில் இருந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். அப்பாவின் கடைக்கான இணையப் பக்கத்தை யார் திறந்தாலும் அந்த எண்ணில் ஒன்று கூடும். தீபாவளிக்கு அது ஏழாக இருந்தது. இப்போது மார்கழி, 212.

"இதுல எத்தனை தடவை நீங்களே திறந்தீக மாமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அருண்பாண்டி மாமா காதைச் சொறிந்தார். தேனியில் கல்லூரியில் படிக்கும் அவர்தான் அந்தப் பக்கத்தை உருவாக்கியவர். "ஒரு அம்பது இருக்கும். மிச்சமெல்லாம் வேற ஆளுக, சத்தியமா!"

அப்படியென்றால் அவர்கள் ஏன் கூப்பிடவில்லை? பிரவுசிங் சென்டரிலிருந்து வீடு வரும்வரை யோசித்தும் அனுசுயாவுக்குப் பிடிபடவில்லை.

அவள் அப்பா பாண்டியராஜன் கம்பத்தில் ஜீப்புகளுக்குப் படுதா தைப்பவர். மலையில் இருக்கும் எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்குத் தகரக் கூரை கிடையாது. வளைந்த இரும்புக் கம்பிகள் நிற்கும், அவற்றின் மேல் தடித்த துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தையல் ஓர் இடத்தில் விட்டாலும் உள்ளே இருக்கும் பதினைந்து பேரும் நனைந்த கோழிகள்தான். அப்பா தைத்த படுதாவில் ஒரு சொட்டு இறங்காது. ஆனால் ஊரில் இப்போது வேலை குறைந்துவிட்டது.

"தை பொறக்குறதுக்குள்ள வேலை வரலேன்னா திருப்பூர் போறேன். அங்கன கூடாரம் தைக்க ஆள் கேக்குறாக" என்று அப்பா சொல்லியிருந்தார். பரணிலிருந்து நீலப் பையையும் இறக்கிக் கதவோரம் வைத்துவிட்டார். அதைத் தாண்டும்போதெல்லாம் அனுசுயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"குமுளி எஸ்டேட் ஆபீஸ்ல இருந்து பேசறேன். ஜீப்பு படுதாக்கு எத்ர ரூபா ஆகும்?" என்றது மலையாளம் கலந்த ஒரு பெண் குரல்.

அப்பா போனை வாங்கினார். "வண்டியக் கொண்டாங்கம்மா, பாத்துச் சொல்றேன்."

"ஓ..." போன் வைக்கப்பட்டது.

விலை கேட்பதற்காக மட்டும் யாராவது குமுளியிலிருந்து மலை இறங்கி வருவார்களா? அனுசுயாவுக்கு இப்போது பிடிபட்டது.

"அப்பா, நம்ம இணையப் பக்கத்துல விலையைப் போடுவோம்!"

மாமா அன்றே போட்டார்: ஜீப் படுதா, ரூ. 4,500.

அந்த வாரமே மேகமலையிலிருந்து செல்லப்பாண்டி என்பவர் ஜீப்போடு வந்து இறங்கினார். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். இன்னும் எட்டுப் பேரை ஏற்றுவதற்காகப் பின்பக்கத்தை வெல்டு வைத்து நீட்டியிருந்தார்கள். ஜன்னல் வேறு நாலு.

"இதுக்கு ஆறாயிரம் ஆகும்ணே."

"அதெப்படி? கம்ப்யூட்டர்ல நாலாயிரத்து ஐந்நூறுன்னு போட்டிருக்கீகள்ல? அதை நம்பித்தான மலை இறங்கி வந்தேன்!"

போட்ட விலை போட்டதுதான் என்று அப்பா தைத்துக் கொடுத்தார். மூன்று நாள் உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்து ஒருவர் போனில் கத்தினார்: "என் வண்டி குட்டி வண்டிய்யா! இதுக்கும் அதே விலையா?"

"அருணு, விலையை எடுத்துரு" என்றார் அப்பா. போன் மறுபடியும் தூங்கிவிட்டது. பொங்கலுக்கு இன்னும் பத்தே நாள். நீலப் பைக்குள் இரண்டு சட்டைகள் போயிருந்தன. 'நான் சொன்ன யோசனையால்தானே நஷ்டம்' என்று அனுசுயா தட்டைப் பாதியிலேயே தள்ளி வைத்தாள்.

மறுநாள் உள்ளூர் ஜீப் ஒன்று வந்தது. அப்பா ஒரே சுற்றுதான் சுற்றினார். "நாலாயிரத்து முந்நூறு."

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிப்பா டக்குன்னு சொன்னீங்க?"

"பாத்தாத் தெரியும்ல."

"என்னத்தப் பாத்தீங்க?"

இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்தார். "மொதல்ல நீளம்."

அவள் தையல் சாக்பீஸை எடுத்துத் துண்டுத் துணியில் எழுதினாள். "அப்புறம்?"

"ஜன்னல் எத்தனைன்னு பாப்பேன்."

"அப்புறம்?"

"மலை மழையில நிக்கிற வண்டியா இருந்தா ரெட்டைத் துணி."

"அப்புறம்?"

"ஏ ஆத்தா, போலீஸு மாதிரிக் கேக்குறியே! பின்னாடி சுருட்டி விடுற திரை வேணுமான்னு பாப்பேன். ஆளுக தொத்திட்டு வர்ற வண்டிக்கு அது வேணும். அம்புட்டுத்தான்."

அனுசுயா துணியைத் தூக்கிக் காட்டினாள். "நாலே விஷயம்! இது தெரிஞ்சா குமுளியில இருந்துக்கிட்டே விலையைக் கணிக்கலாம்லப்பா?"

அப்பாவின் கை நின்றது. "திரும்பவும் சண்டைக்கு வருவாகளே?"

"'இதுதான் விலை'ன்னு போட்டோம், அதான் சண்டை. 'இந்த வண்டிக்கு இவ்வளவு ஆச்சு'ன்னு போடுவோம். அவங்க வண்டியை அதோட ஒப்பிட்டுப் பாத்துக்கிடட்டும்."

அப்பா தைத்த வண்டிகளில் சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று என்று மூன்றை ஜீப் ஸ்டாண்டில் மாமா போட்டோ எடுத்தார். "செல்லப்பாண்டி வண்டியை மட்டும் விட்டுரு!" என்றார் அப்பா. முன்கண்ணாடியிலிருந்து கடைசிக் கம்பி வரை நூல் பிடித்து அளப்பது எப்படி என்று அனுசுயா ஒரு படம் வரைந்து கொடுத்தாள். அந்தந்த வண்டிக்கு ஆன விலையோடும் நாலு கேள்விகளோடும் எல்லாவற்றையும் மாமா இணையப் பக்கத்தில் ஏற்றினார்.

ஒரு நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. அனுசுயா போனைத் தூக்கித் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள், செத்துவிட்டதோ என்று. மூன்றாம் நாள் அது அடித்தது. அதே பெண் குரல்.

"குமுளியில நிந்நு. ரெண்டாவது போட்டோ போலத்தான் எங்க வண்டி. நூல் பிடிச்சு அளந்தோம், ஆறரை அடி. பக்ஷே ஜன்னல் ஒண்ணு கூடுதல்."

"அப்ப நாலாயிரத்து எண்ணூறு வரும்மா" என்றார் அப்பா. "நூறு இருநூறு முன்னப்பின்ன ஆகலாம். வண்டியைப் பாத்துக் கறாராச் சொல்லிட்டுத்தான் துணியில கத்திரி வைப்பேன்."

"சரி, செவ்வாய்க்கிழமை அனுப்பறோம்."

பொங்கலுக்குள் நாலு வண்டிகள் வந்தன. நீலப் பையிலிருந்த சட்டைகள் கொடிக்குத் திரும்பின. பையில் இப்போது வெட்டிய துண்டுத் துணிகள் கிடக்கின்றன.

கடையின் இணையப் பக்கத்தில் எல்லா வண்டிக்கும் ஒரே விலை இல்லை. விலையே இல்லாமலும் இல்லை. தைத்து முடித்த மூன்று வண்டிகளின் படம், அவற்றுக்கு ஆன விலை, நாலு கேள்விகள், 'உங்கள் வண்டியை அளந்துவிட்டுக் கூப்பிடுங்கள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.