யாரும் இல்லை என்றது திரை

அவள் உள்ளிருந்து தள்ள, அவன் வெளியிலிருந்து இழுக்க... ரத்த வங்கியின் கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. அவள் நேராக அவன் நெஞ்சில் போய் மோதினாள்.

"பாத்து வரக் கூடாதா?"

"நான் நின்னுட்டுதாங்க இருந்தேன். வந்தது நீங்க!"

நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். இமைகளில்கூடத் துளிகள்... அவற்றுக்கு நடுவே சிரிக்கிற இரண்டு கண்கள். கோபித்துக்கொள்ள நினைத்தது அவளுக்கு மறந்தே போனது.

"ரத்தம் குடுக்கணும். எந்தப் பக்கம் போகணும்?" என்றான்.

அவள் திகைத்தாள். இவனுக்கு யார் சொன்னது?

மேல்மாடியில் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அபூர்வமான வகை. ரத்த வங்கி சிஸ்டர், போனில் இருந்த செயலியில் அந்த வகையைத் தேடினார். 'யாரும் இல்லை' என்றது திரை. அந்தச் செயலியை எழுதியவள் இவள்தான். சிஸ்டர் போனில் போட்ட சத்தத்தில் அலுவலகத்திலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தானே தேடிப் பார்த்தாள். அதே 'யாரும் இல்லை'. உடனே மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வர்தான் சார் சொதப்புது" என்று சொல்லிவிட்டு, சர்வர் கம்பெனிக்காரர்களைத் தேடிப் போய்ச் சண்டை போடக் கிளம்பியபோதுதான் இந்த மோதல்.

சிஸ்டர் அவசரமாகச் சோதித்தார். அதே வகை! கட்டிலில் படுக்க வைத்து ஊசி குத்தினார். அவள் கிளம்பவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கண் மட்டும் அவன் பக்கமே போனது...

"ரத்தம் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சேதி வந்துச்சு."

"எப்படி வரும்? யாருமே இல்லைன்னு காட்டுதே!"

"அப்ப நான் யாரு? பேயா?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். அவளுக்கு வீம்பு ஏறியது. "எல்லாம் அந்த சர்வர்காரர் பண்ற வேலை சிஸ்டர்."

"சர்வரா? ஹோட்டல்லயா?"

"ஐயோ... ரத்தம் குடுக்கிறவங்க பேரையெல்லாம் வச்சிருக்கிற கம்ப்யூட்டர். நம்ம போன் கேள்வி அனுப்பும், அது பதில் அனுப்பும். அதைப் பாத்துக்கிற ஆளை நான் நேர்ல பாத்ததில்லை. எது கேட்டாலும் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது'ன்னு ஒரே வரி எழுதுவாரு. உம்மணாமூஞ்சி!"

கட்டிலில் இருமல் கேட்டது. "மூஞ்சியப் பாக்காமலே எப்படிங்க சொல்றீங்க?"

"எழுத்தே சொல்லுதே!"

அவன் லேப்டாப் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "பதில் வந்தப்புறம் பேரைத் திரையில போடறீங்களா... இல்ல, கேள்வியை அனுப்பின கையோட போடறீங்களா?"

அவள் விரல்கள் நின்றன.

சர்வரிடமிருந்து பதில் எப்போது வரும் என்று செயலிக்குத் தெரியாது. அதுவரை அது கைகட்டி நிற்பதும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால், 'பதில் வந்ததும் இதைச் செய்' என்று ஒரு துண்டு வேலையை முன்கூட்டியே ஒப்படைத்து வைக்க வேண்டும். அதைத்தான் கால்பேக் என்பார்கள். முந்தின நாள் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, பெயர்களைக் காட்டும் வரியை அவள் அந்தத் துண்டுக்கு வெளியே எடுத்து வைத்திருந்தாள். பதில் வழியில் இருக்கும்போதே செயலி காலிப் பட்டியலைப் பார்த்து 'யாரும் இல்லை' என்றது. அலுவலகத்தில் சோதித்தபோது முந்தைய தேடலின் பெயர்கள் மிச்சமிருந்ததால் தவறு தெரியவில்லை.

வரியைக் கால்பேக்குக்குள் திருப்பி வைத்தாள். மறுபடி தேடினாள். ஒரு கணம் வெறுமை... பிறகு நான்கு பெயர்கள்!

"சிஸ்டர், கூப்பிடுங்க, சீக்கிரம்!"

சிஸ்டர் நம்பர்களைக் குறித்துக்கொண்டு போனோடு ஓடினார். அவள் முதல் பெயரைப் பார்த்தாள். நிரம்பிக்கொண்டிருந்த ரத்தப் பையின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. அந்த ஒற்றை வரிக் கடிதங்களின் அடியில் இருந்ததும் இதே பெயர்தான்...

"நீங்க... நீங்கதானா?"

"உம்மணாமூஞ்சியேதாங்க." அந்தக் கண்கள் மறுபடி சிரித்தன. "ஆஸ்பத்திரி ஆபீஸ்லேர்ந்து எங்களுக்கும் போன் பண்ணித் திட்டினாங்க. பாத்தா, அனுப்பின பதில்ல நானும் இருக்கேன். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்னு ஓடி வந்துட்டேன்."

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. அமைதியான அறையில் மேனேஜர் குரல் தெளிவாகக் கேட்டது: "நீ சொன்னது சரிம்மா. அந்த சர்வர் கம்பெனியை இன்னியோட நிறுத்தச் சொல்லிட்டேன்."

தப்பு தன்னுடையது என்று இப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால்... "சரி சார்" என்றுதான் வந்தது.

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஊசியை எடுத்ததும், சிஸ்டர் சொன்னபடி சற்று நேரம் படுத்திருந்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிவிட்டான்.

மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள். தாய் பிழைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் செயலியைப் புகழ்ந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "பல்லு வலியாடி?" என்றாள் அம்மா. என்ன வலி என்று அவளுக்கே தெரியவில்லை...

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "தப்பு என்னோடது சார். சர்வர் சரியாதான் பதில் குடுத்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கும் தெரியாதே... ஏன் சொல்றே?"

"எனக்குத் தெரியுமே சார்."

திட்டு பலமாகத்தான் விழுந்தது. ஆனால் போன வேலை அந்த சர்வர் கம்பெனிக்கே திரும்பக் கிடைத்தது.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறைதான் அந்தக் கம்பெனி. படியேறியவளை வாசலிலேயே மறித்தாள் அவன் அக்கா. கம்பெனியின் முதலாளியும் அவள்தான்.

"நீங்கதானா அது? நேத்துல இருந்து வாயே திறக்கல. ரத்தம் குடுத்த களைப்பாம்! எனக்கா தெரியாது? வேலை போனதுக்குக்கூட அவன் இப்படி ஆகமாட்டான்." ஏற இறங்கப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, வழிவிட்டு உள்ளே மறைந்தாள்.

அவன் எழுந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "நேத்தே சொல்லியிருக்கணும்."

"இன்னைக்குச் சொல்லிட்டீங்களே. மேனேஜர் பேசினார்." சற்றுத் தயங்கினான். "இதுக்கு மழையில வரணுமா? என் நம்பர்தான் உங்க திரையிலேயே இருக்கே."

"அது ரத்தத்துக்குக் குடுத்த நம்பர். என் காரியத்துக்கு எடுக்க மனசு வரல."

அவன் அவளையே பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது.

"உங்க காரியமா? மன்னிப்பு மட்டும்தானா?"

"இல்ல..." தலை குனிந்தது, குரல் மட்டும் குனியவில்லை. "நேத்து நீங்க போனப்ப, இனிமே பாக்கவே மாட்டோமோன்னு பயமா இருந்துச்சு. பாத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஆளுக்காக ஏன் பயப்படறேன்னு யோசிச்சிட்டே இருந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"ம்... உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்," என்றான். "அதனாலதான் அவ்வளவு கோபம். வேற யாராவது பண்ணியிருந்தா வலிச்சிருக்காது."

உள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப நான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா?"

"அக்கா!"

இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா கதவோரம் தலையை நீட்டினாள். "ஒண்ணு என் தம்பி. இன்னொண்ணு யாரு என்னை அக்கான்னு கூப்பிட்டது?"