பெட்டிப் படத்தில் நின்றவள்

"இது எங்கப்பா வரைஞ்ச படமே இல்ல," என்றாள் அந்தப் பெண். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

சர்வேயர் நாற்காலியைக் காட்டினார். இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து நட்டத்தை மதிப்பிட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவருடைய மைத்துனர், யாராவது ஒரு சிக்கலோடு மாடிப்படி ஏறினால் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். இன்றும் வந்திருந்தார்.

அந்தப் பெண் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். மேசைமேல் இரண்டு பொருட்களை வைத்தாள். ஒன்று, தடித்த அட்டையில் வரைந்த ஓவியம். இன்னொன்று, பழைய மாடல் கிட் பெட்டியின் மூடி. பாகங்களை ஒட்டிக் கப்பல் செய்யும் கிட். மூடியில் மழை பெய்யும் துறைமுகம், வெள்ளைக் கப்பல், படகுத்துறைப் பாலத்தின் ஓரத்தில் சிவப்புக் குடை பிடித்து நிற்கும் ஒரு பெண். ஓவியத்தில் அதே மழை, அதே கப்பல். பெண் நின்ற இடத்தில் ஆளுயரத்துக்குச் சுருட்டி வைத்த கயிறு.

"மூடியில நிக்கிறது எங்கம்மா," என்றாள். "எனக்கு ரெண்டு வயசுல இறந்து போயிட்டாங்க. வீட்டுல தண்ணி புகுந்து போட்டோவெல்லாம் போச்சு. மூடியில முகம் கடுகளவுதான். லென்ஸ் வச்சுப் பார்த்தா வெறும் புள்ளி. ஒரிஜினல்ல கட்டைவிரல் அளவு இருக்கும்னு அப்பா சொல்வார்."

"இப்பவும் சொல்றாரா?"

"சின்ன வயசுல சொன்னது. பெரியவளானப்புறம் கேட்டா பேச்சை மாத்திடுவார். திரும்ப வரைஞ்சு குடுங்கன்னேன். ஞாபகத்துல வரைஞ்சா அது அவ இல்லன்னுட்டார். இப்ப அவருக்குக் கண்ணும் தெரியல."

அவள் அப்பா ஓவியராக வேலை பார்த்த கிட் கம்பெனியை மூடுகிறார்கள். அப்பா வரைந்த நாற்பது பெட்டிப் படங்களில் ஆறுதான் கிடைத்தன என்று கிடங்குக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ஒரிஜினலை வித்துட்டு இந்த நகலைக் குடுத்திருக்கார். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"நாளைக்கு எதுக்கு, இப்பவே போலாம்," என்றார் மைத்துனர்.

"நீ கடையைத் திற," என்றார் சர்வேயர். மைத்துனர் நகரவில்லை.

"படம் வந்தப்ப அப்பா என்ன சொன்னார்?"

"ஈரம் ஏதும் படலையேன்னு கேட்டார். படத்துல அம்மா இல்லப்பான்னேன். கிடங்குக்காரரைத் திட்டாதேன்னார். அவ்வளவுதான். கையில வாங்கிக்கூடப் பார்க்கல. வயசாயிடுச்சு."

சர்வேயர் அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்தார். போஸ்டர் வர்ணம், வெளிச்சம் பட்டும் பளபளக்கவில்லை. கயிற்றைச் சுற்றி மட்டும் நூலளவு ஒரு மினுமினுப்பு ஓடியது. பாலத்தின் அடியில், தண்ணீரில், ஒரு சிவப்புத் தீற்றல்.

"மூலையில என்ன இருக்கு, பாரு."

மைத்துனர் குனிந்தார். "ஊசிக் குத்து. மூலைக்கு ரெண்டு. மொத்தம் எட்டு. கரப்பான் கடிச்சிருக்கும், அத்தான்."

"அளவெடுத்தா கடிக்கும்?"

மூவரும் போனபோது கம்பெனிக் கிடங்கு பாதி காலியாகியிருந்தது. படங்களைக் கொடுத்தனுப்பிய பொறுப்பாளர் காலி அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"திருடறவன் ஆறு படத்தைத் தேடி எடுத்துத் துடைச்சுக் குடுப்பானாம்மா? அச்சாயிடுச்சுன்னா ஒரிஜினலுக்கு இங்க மரியாதை கிடையாது. பார்சலுக்கு அடியில முட்டுக் குடுத்தாங்க. உடைஞ்ச ஜன்னல்ல ஒரு போர்விமானப் படம் ரெண்டு வருஷம் மழை வாங்கிச்சு. ஒரு நீர்மூழ்கியை வெட்டி டிராயருக்கு அடித்தட்டா போட்டாங்க. இந்த ஆறும் பீரோவுக்குப் பின்னால விழுந்து கிடந்ததால பிழைச்சது."

அவள் அட்டையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த ஓட்டை எதுக்கு?" என்றார் சர்வேயர்.

"அச்சுக்குப் படம் பிடிக்க, கேமரா ரூம்ல பலகையில குத்துவாங்க. அசையாம இருக்கணுமே. நானே குத்தியிருக்கேன். ஒரு தடவைக்கு நாலு ஊசி. வேலை முடிஞ்சதும் கழட்டிடுவோம்."

"இந்தக் கப்பல் எத்தனை தடவை அச்சாச்சு?"

"ரெண்டு. ஏழெட்டு வருஷம் இடைவெளி. ரெண்டாவது மூடி வேற மாதிரி." அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். மழை, கப்பல், கயிறு. பெண் இல்லை.

"ஏன் எடுத்தாங்க?"

"ஒருத்தன் கடுதாசி போட்டான், குடை பிடிச்ச பொம்பளை பொம்மை பெட்டியில இல்ல, அனுப்பி வைங்கன்னு. அதோட முதலாளி உத்தரவு போட்டுட்டார். பெட்டிக்குள்ள இல்லாத எதுவும் பெட்டிமேல இருக்கக் கூடாது. எத்தனையோ மாலுமிங்க அந்த மாசம் காணாமப் போனாங்க."

"யார் மாத்தினது?"

"ஆர்ட் ரூம் கதவு சாத்தியிருக்கும். எனக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் மைத்துனர் அவசரப்பட்டார். "புரிஞ்சிடுச்சு, அத்தான். ரெண்டாவது மூடிக்குப் புதுசா ஒரு படம் வரைஞ்சிருக்காங்க. அதுதான் நம்மகிட்ட இருக்கு. பழைய படத்தை எவனோ அமுக்கிட்டான்."

"அப்ப இதுல எத்தனை ஓட்டை இருக்கணும்?"

மைத்துனர் விரலை மடக்கினார். நாலில் நின்றார்.

மாலையில் ஓவியரின் வீட்டில் கூடினார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. சர்வேயர் கேட்டுக்கொண்டதால் பொறுப்பாளரும் வந்திருந்தார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் நாற்காலி போட்டாள். ஓவியர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்மேல்.

"எட்டு ஓட்டைன்னா ரெண்டு தடவை கேமரா முன்னால நின்ன படம்," என்றார் சர்வேயர். "முதல் தடவை நின்னது ஒரிஜினல். அப்ப இதுதான் ஒரிஜினல். உங்கம்மா எங்கேயும் போகலம்மா. இதுலயேதான் நிக்கிறாங்க. மேல கயிறு வரைஞ்சிருக்கு."

அவள் அட்டையைப் பார்த்தாள். "யார் வரைஞ்சது?"

"அதுக்குத் தண்ணியைப் பாரு. மேல சிவப்பா ஒண்ணுமே இல்ல. கீழ சிவப்பு எப்படி வந்துச்சு? குடையோட பிம்பம் அது."

"அழிக்க மறந்துட்டான்," என்றார் மைத்துனர்.

"கயிறுல ஒவ்வொரு புரியும் எண்ணி வரைஞ்சவன் அதை மறப்பானா? விட்டு வச்சிருக்கான். கயிறைச் சுத்தி லேசா மினுக்குது. அடியில வார்னிஷ். கம்பெனி அவசரத்துக்கு அழிக்கிற ஆள் வார்னிஷ் பூசி, அதைக் காய வச்சு, அப்புறம் மேல வரைய மாட்டான். அடியில இருக்கிறது கெடக் கூடாதுன்னு நினைக்கிறவன்தான் அப்படிச் செய்வான். அப்படி ஒருத்தர்தான் இருக்க முடியும். படம் வந்ததும் அவர் முதல்ல கேட்டது ஈரத்தைப் பத்தி. போஸ்டர் வர்ணம் தண்ணி பட்டா கரையும்."

ஓவியரின் விரல்கள் முழங்காலில் அசைந்தன.

"வேற ஆளை வச்சு அழிக்கிறேன்னாங்க," என்றார். "பக்கத்து மேசைக்காரன் பிரஷ்ஷை எடுத்துட்டான். எடுத்ததும் வெள்ளையை அப்பிடுவான் அவன். அவ மூஞ்சி மேல. நான் பண்றேன்னு வாங்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"எப்பிடிம்மா சொல்றது? உங்கம்மாவை நான்தான் அழிச்சேன்னா?"

அவள் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்க சார்."

"இருக்கட்டும்மா. ஆறையும் பத்திரமா வச்சுக்க."

அவள் எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தாள். ஓவியர் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

"இரு," என்றார். "முப்பது வருஷம் ஆச்சு. வார்னிஷ் எங்கயாவது விரிசல் விட்டிருந்தா தண்ணி உள்ள இறங்கிடும். கயிறோட அவளும் போயிடுவா. அந்தப் பயத்துலதான் கையில வாங்கல."

அவள் சர்வேயரைப் பார்த்தாள்.

"இது நான் மதிப்புப் போடற நட்டம் இல்லம்மா," என்றார் அவர்.

பொறுப்பாளர் மேசை விளக்கைத் தூக்கி அட்டைக்கு அருகே பிடித்தார். அவள் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்தாள். தினமும் ஊசி குத்துகிற கை அது. முதலில் ஓரத்தைத் தொட்டாள். கயிற்றின் ஒரு புரி பழுப்பாகப் பஞ்சில் வந்தது. அடியில் சிவப்பு. அதைத் தேய்த்துப் பார்த்தாள். சிவப்பு அசையவில்லை.

"குடை வந்துடுச்சுப்பா. நிக்குது."

"கீழ போ. மெதுவா."

நான்கு பஞ்சு, ஐந்து பஞ்சு. ஆறாவது பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் கையை எடுத்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் கட்டைவிரல் அளவு ஒரு முகம் இருந்தது.

சர்வேயர் மைத்துனரின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் காட்டினார்.

"தெரியுதா?" என்றார் ஓவியர்.

"தெரியுதுப்பா."

"எப்படி இருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். "சிரிக்கல. உதட்டை ஒரு பக்கமா இழுத்து வச்சிருக்காங்க."

"கோவம்," என்றார் ஓவியர். "ரெண்டு மணி நேரம் மழையில நிக்க வச்சுட்டேன்."

அவள் அட்டையைத் தூக்கி அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் விரலைப் பிடித்து, ஈரம் படாத இடமாகப் பார்த்து, பாலத்தின் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.