நிறம் ஏறாத இடம்

நாரையின் சிறகுக்குக் கீழே மட்டும் கருப்பு பிடிக்கவில்லை.

கொப்பரையிலிருந்து தூக்கிய ஜாடியை நுயி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நிறமேற்றும் துருசு உப்பும் செம்புக் களிம்பும் கொதித்த நீரின் புளித்த வாடை பட்டறை முழுக்க நின்றது. வெளியே கூரைப்பனி பொத்துப் பொத்தென்று சரிந்துகொண்டிருந்தது. பதித்த வெள்ளி நாரைகளும் செம்பு நாணல்களும் துலங்க, அவற்றைச் சுற்றிக் கருநீலம் சீராக ஏறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வெளிறிய ஐந்து விரல்கள். ஒரு குழந்தையின் கை.

வெறுங்கை பட்ட உலோகத்தில் நிறம் ஏறாது. அதனால்தான் துருவிய முள்ளங்கியைப் பூசி, விரல் படாமல் கயிற்றில் இறக்குவார்கள். அவள் அப்படித்தான் இறக்கினாள்.

கொழுந்தன் கென்பெய் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணி, உங்க பிள்ளை இப்பவே முத்திரை குத்த ஆரம்பிச்சிட்டானா?"

"அவன் எங்க எழுந்திரிச்சான்? காய்ச்சல்ல கண்ணே திறக்கல."

புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியவன் உள்ளறையில் கிடந்த எய்ஜி ஒருவன்தான். கென்பெய் வெளியே சரியும் பனியைப் பார்த்தான். பாதையைப் பனி மூடுமுன் ஜோடி ஜாடிகளும் துறைமுகம் போய்ச் சேர வேண்டும், கறையைக் கரியால் தேய்த்துவிட்டு மறுபடி கொதிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஜாடியின் கொப்பரைக்குப் போனான்.

முடித்துவிட்டால் பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம். நுயி கரிக்கட்டையை நனைத்து, சரக் சரக்கென்று அழுத்தித் தேய்த்தாள். உள்ளே எய்ஜி வீறிட்டான்.

ஓடினாள். அவன் முஷ்டியை இறுக்கி மார்போடு வைத்திருந்தான்.

"அம்மா, எரியுது."

"காய்ச்சல்டா கண்ணு. இதோ முடிச்சுட்டு வந்துடறேன்."

நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் கொதியிலும் கறை எழுந்தது. ஆனால் மங்கலாக, விரல் நுனிகள் மட்டும். நல்லவேளை என்று நினைத்தாள். வேகமாகத் தேய்த்தாள். உள்ளே அழுகை உயர்ந்தது, விக்கியது, நின்றது. தூங்கிவிட்டான் போலிருக்கிறது.

மூன்றாம் கொதியில் ஜாடி சுத்தமாக வந்தது. எங்கும் ஒரே கருநீலம்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எய்ஜி விழித்திருந்தான். உடம்பு சுடவில்லை. சில்லென்றிருந்தது. முஷ்டியை மெல்லப் பிரித்தாள்.

உள்ளங்கையில் ரேகை இல்லை. ஒன்றுகூட இல்லை. கருநீலமாக, வழவழவென்று. அதில் அவள் முகம் தெரிந்தது.

பட்டறையிலிருந்து கென்பெய்யின் குரல் வந்தது.

"அண்ணி, இந்த ஜாடியிலயும் ஒரு கறை. சின்னதா ஒரு மூஞ்சி மாதிரி இருக்கு. நீங்க இருங்க, நானே தேய்ச்சுடறேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

சரக்.

எய்ஜியின் உதடுகளுக்கு நடுவிலிருந்த கோடு மறைந்தது.

சரக்.

மூக்கு மழுங்கியது.

கண்கள் மட்டும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.