நெற்றியில் வைத்த துனிசியக் காசு

துடைத்து வைத்த காசில் மறுபடியும் சந்தனம் ஒட்டியிருந்தது.

வான்மதி அதைச் சட்டை நுனியால் துடைத்தாள். துனிசியா பிரெஞ்சுக்காரர்களின் பிடியில் இருந்தபோது அடித்த வெள்ளிக்காசு. ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் பிரெஞ்சு. காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்த அவள் கணவன் இனியன் அலையாய் அலைந்து வாங்கிய அபூர்வம். போன மாதம் ஃப்ரீவேயில் அவன் கார் நொறுங்கியது. ஃப்யூனரல் ஹோமில், நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு யாரிடமும் இல்லை. எல்லோர் பர்ஸிலும் கார்டுதான். அமெரிக்கச் சில்லறையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவன் ஆசையாக வைத்திருந்ததையே சந்தனம் தொட்டு வைத்தாள். பெட்டியை மூடும்போது, எல்லாமே போகிறதே என்று நெஞ்சு வெடித்து, அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வெச்சதை எடுக்கக் கூடாதும்மா," என்றார் பக்கத்து வீட்டு அபயாம்பாள் ஆன்ட்டி. "அவரோடயே அனுப்பிடு."

அனுப்பவில்லை. ஆறு வயது மகள் மகிழினியை அங்கே அழைத்துப் போகவும் இல்லை. அப்பாவை அந்தக் கோலத்தில் குழந்தை பார்க்க வேண்டாம் என்று சிநேகிதி வீட்டில் விட்டிருந்தாள்.

நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பனிக்காலத்தில் சாயங்காலமே இருட்டிவிடும். ஹீட்டர் குழாய்களுக்குள் எதுவோ உரசுவதும் நிற்பதுமாக இருந்தது. அடுப்பில் கொதிக்கும் ரசத்தின் வாசனையை மீறிக்கொண்டு, வாடிய ரோஜா மாலையின் நெடி மாடிப்படியில் மெல்ல இறங்கி வந்தது. வீட்டில் மாலை எதுவும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, அவனாகவே இருக்கட்டுமே என்று ஏக்கமாக இருந்தது.

மகிழினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, அப்பா வாண்ட்ஸ் ஹிஸ் காயின்."

வான்மதி காசைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "யாருடி சொன்னா?"

"ஹி டிட். ஹி கான்ட் கோ வித்தவுட் இட்."

வான்மதி அழுதுகொண்டே காசை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். "நம்மளை விட்டுட்டுத் தனியாப் போக வேணாம்னு சொல்லு."

குழந்தை தலையாட்டிவிட்டு ஹாலுக்குப் போனது. மெல்லிய பேச்சுக்குரல் கேட்டது. பிறகு நின்றது. ஹீட்டரும் நின்றது.

"மகிழ்?"

ரசம் பொங்கி வழிந்தது. டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

வெறும் அரிசி.

ஓடினாள்.

ஹால் சோபாவில் மகிழினி நேராகப் படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கால் பெருவிரல்கள் இரண்டும் அவளுடைய ரிப்பனால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நெற்றியில் காசு. அதைச் சுற்றிச் சந்தனம், இன்னும் ஈரமாக.