பஞ்சுப் புகை

திங்கட்கிழமை காலையில் வைத்திக்குப்பத்தில் சுலோசனாவின் வீட்டுக்கு வந்த செம்மல், வந்த விஷயத்தைச் சொல்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். அவன் பள்ளி ஆசிரியன். பொம்மைச் சிப்பாய்களுக்காகப் பெரிய மனுஷியிடம் உதவி கேட்டு வந்திருக்கிறோமே என்று அவனுக்கு ஒரே வெட்கம்.

சுலோசனா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சேதம் மதிப்பிட்டுக் கொடுப்பவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவர் கணவர் மதிவாணன்தான். பாங்கு வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட நாள் முதல், மனைவி போகும் இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போவதும் யாரும் கேட்காத முடிவுகளைச் சொல்வதும் அவருக்கு முழுநேர வேலை.

"திருட்டா? கொலையா?" என்று ஆவலோடு கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். எங்க கிளப்ப விட்டு ஒரு பொண்ணத் தொரத்தப் பாக்கறாங்க. அவங்க தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியும். எப்படி நிரூபிக்கிறதுன்னுதான் தெரியல."

மூலக்குளத்தில் ஒரு கிடங்கின் மாடியறையை வாடகைக்குப் பிடித்து, செம்மலும் கார்குழலியும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. அங்கே மேசைமேல் போர் விளையாடுவார்கள். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள். அவரவர் வாங்கி, அவரவர் கையால் வண்ணம் தீட்டியவை. டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள். இப்போது நடப்பது, அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட போர். கோட்டைக்குள் அடைபட்ட பிரெஞ்சுப் படை கார்குழலியுடையது. வெளியே சூழ்ந்து நிற்பது வெற்றிச்செல்வனின் படை. ஒரு நாளில் முடிகிற ஆட்டம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இடையில் அறையைப் பூட்டிச் சாவியைக் கார்குழலி வைத்துக்கொள்வாள்.

"பீரங்கி சுட்டா அது வாயில ஒரு துளி பஞ்சு வைப்போம் மேடம். புகைக்கு அடையாளம். பஞ்சு இருந்தா அது அடுத்த சுத்துல சுட முடியாது. போன தடவ நிறுத்தறப்ப குழலியோட பீரங்கி எல்லாத்துலயும் பஞ்சு இருந்துது. வெற்றி சாரோடது எல்லாம் சுடத் தயார். அடுத்த சுத்துல கோட்டைச் செவுரு காலி. நேத்து கதவத் தொறந்தா, பஞ்சு இடம் மாறியிருக்கு! குழலி பீரங்கி சுத்தமா இருக்கு, பஞ்செல்லாம் அவர் பீரங்கிகிட்ட இருக்கு."

"சாவி எத்தனை?"

"ஒண்ணுதான். குழலிகிட்டதான் இருந்துது."

"அப்ப முடிஞ்சுது கேஸு" என்றார் மதிவாணன்.

சுலோசனா அதைக் காதில் வாங்கவில்லை. "பஞ்சு இடம் மாறுனது எப்படித் தெரிஞ்சுது?"

"நிறுத்தறப்ப போட்டோ எடுத்துக்குவோம். அந்தப் பழக்கத்தக் கொண்டாந்ததே குழலிதான். வர்ற ஞாயிறு எல்லாரும் கூடி, அவங்கள நீக்கணுமான்னு கையத் தூக்கப் போறாங்க." செம்மலின் குரல் தணிந்தது. "துணிக்கடையில பில் போடறாங்க மேடம். வாரம் பூரா நின்ன கால்ல நிக்கிறவங்களுக்கு அந்த ஒரு மதியம்தான் சொந்தம். அதையும் புடுங்கிட்டா அவங்களுக்கு வேற இன்னா இருக்கு?"

அன்று மாலையே மூவரும் மூலக்குளத்துக்குப் போனார்கள். சாவியை வெற்றிச்செல்வன் சொல்லி முந்தின நாளே செம்மல் வாங்கி வைத்திருந்தான். வெளிப்படிக்கட்டில் ஏறிக் கதவைத் திறந்ததும், இட்லிப்பானையைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் எல்லாம் அழுத்தி மூடியிருந்தன. மதிவாணன் கதவின் இரண்டு பக்கமும் சுவரைத் தடவினார், ஸ்விட்ச் அகப்படவில்லை. செம்மல் வாசலையொட்டி நின்ற இரும்பு பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு விளக்கைப் போட்டான்.

"அங்க கொண்டுபோய் ஸ்விட்ச் வெச்ச எலக்ட்ரீஷியன மொதல்ல புடிங்க" என்றார் மதிவாணன். "அய்யோ, வேகுதே! ஃபேனப் போடுப்பா."

"கூடாது சார். பஞ்சு பறந்துடும். கத்திரி வெயில்லயும் ஜன்னல மூடிட்டு, ஃபேன் இல்லாமதான் ஆடுவோம். அதுக்குத்தான் ஸ்விட்ச்சுல டேப்பு ஒட்டியிருக்கு. குழலி இதுல ரொம்பக் கண்டிப்பு. வீட்லயும் இதே பேச்சுத்தானாம்."

சுலோசனா அந்த டேப்பைப் பார்த்தார். ஓரம் சுருங்கி, பசையில் தூசி ஏறியிருந்தது. பிறகு செம்மலின் செல்போனில் இருந்த படத்தையும் மேசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். படத்தில் கோட்டைப் பீரங்கிகளின் வாயில் பஞ்சு இருந்தது. மேசையிலோ, வெளியே நின்ற பீரங்கிகளின் சக்கரங்களுக்குப் பின்னால், லாரிச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுப்பதுபோல், ஒவ்வொரு துளியாக வைக்கப்பட்டிருந்தது.

"நேத்து யாராவது இதத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். பாத்ததும் சண்டை வந்துடுச்சு. அப்படியே பூட்டிட்டோம்."

சுலோசனா தரையில் உட்கார்ந்து டார்ச்சை அடித்தார். பீரோவுக்கு அடியில் தூசியோடு ஒரு துளிப் பஞ்சு கிடந்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. பாயை விரித்தால், காய்ந்த கறிவேப்பிலை ஒன்று உதிர்ந்தது.

"இங்க சாப்பிடுவீங்களா?"

"டீகூட வெளியதான் மேடம். எண்ணெய்க் கை பட்டா சிப்பாய் பாழாயிடும்."

மறுநாள் மதிய இடைவேளையில், துணிக்கடையின் பின்பக்கப் படியில் கார்குழலியைச் சந்தித்தார்கள். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

"நான் பண்ணல. ஆனா பண்ணவளும் இதையேதான் சொல்லுவா. சாவி என்கிட்ட இருந்துது, லாபமும் எனக்குத்தான். நானே வெளியாளா இருந்தா நானும் என்னத்தான் சந்தேகப்படுவேன். இதுலேந்து நான் வெளிய வர வழி இருந்தாச் சொல்லுங்க மேடம்."

"சாவிய எங்க வெப்பீங்க?"

"வீட்ல நிலைப்படிகிட்ட ஆணியில தொங்கும். ஞாயித்துக்கெழமதான் எடுப்பேன். யாருக்கும் குடுத்ததில்ல."

"வீட்ல யார் யாரு?"

"நானும் அவரும்தான். காலைல எழுந்து ரெண்டு பேருக்கும் சோறு கட்டி வெச்சிட்டு நான் மொதல்ல கெளம்பிடுவேன். அவரு அப்புறமா மேட்டுப்பாளையத்துக்கு, பைப் கம்பெனி வேலைக்குப் போவாரு."

"உங்க ஆட்டத்தப் பாக்க அவர் வருவாரா?"

"படி ஏறுனதே இல்ல. கீழ வண்டியில உக்காந்திருந்து கூட்டிட்டுப் போவாரு."

சுலோசனா படியிலிருந்து எழுந்துகொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை அவரையும் மேல வரச் சொல்லும்மா. நம்ம மனுஷர் ஒருத்தர் பக்கத்துல இருக்கறது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது மதிவாணனுக்கு நாக்கு துறுதுறுத்தது. "அந்த வெற்றிச்செல்வனேதான் பண்ணியிருப்பான் சுலோ. பழி போடறதுக்கு!"

"ஜெயிக்கப்போறவர் எதுக்குங்க கோல்மால் பண்ணணும்?"

"அப்ப யாருதான்?"

"யாருன்னு கிட்டத்தட்டப் புரிஞ்சிடுச்சு. புரியாமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் சுலோசனா.

ஞாயிற்றுக்கிழமை அறை நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் தோளில் துண்டோடு சுவரை ஒட்டி நின்றார்கள். வெற்றிச்செல்வன் கையைக் கட்டிக்கொண்டு மேசையருகே நின்றார். கார்குழலி தன் கோட்டைக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் நின்றாள். அவள் கணவன் கோபிநாத் உள்ளே வரத் தயங்கி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வெளியே கோடைமழைக்கு மேகம் கட்டி அறை இருண்டது.

"யாராவது லைட்டப் போடுங்களேன்" என்றார் சுலோசனா.

கோபிநாத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டான். விளக்கு எரிந்தது. மதிவாணன் வாயைத் திறந்தார். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"வெற்றிச்செல்வன் சார், பீரங்கி சுட்டா புகை எங்க வரும்?"

"வாயிலதான். இதுகூடத் தெரியாதா?"

"உங்க பீரங்கிகள்ல பஞ்சு எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்தார். கோபத்தில் முந்தின வாரம் கவனிக்காததை இப்போதுதான் கவனித்தார்.

"ஏமாத்தணும்னு நினைக்கிற ஆட்டக்காரங்க புகையக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்குப் பின்னால வைப்பாங்களா? இருட்டுல வெச்சாக்கூடக் கை வாய்க்குத்தான் போகும். அதுவுமில்லாம, போட்டோ எடுக்கற பழக்கத்தக் கொண்டாந்தவங்களே, போட்டோவுல மாட்டிக்கற மாதிரி ஏமாத்துவாங்களா? இது ஆட்டம் தெரியாத கை. பஞ்சு தரையில சிதறிக் கெடந்திருக்கு. அது எங்கேருந்து விழுந்துதுன்னு அந்தக் கைக்குத் தெரியல. கோட்டைப் பீரங்கி செவுத்துல பதிஞ்சிருக்கு, உருளாது. வெளிய நிக்கறதுக்குத்தான் முட்டு வேணும். முட்டுன்னு நெனச்சுத்தான் பொறுக்கி வெச்சிருக்கு."

"பஞ்சு ஏன் தரைக்கு வரணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஃபேன். டேப்ப உரிச்சு மறுபடி ஒட்டியிருக்கு. பீரோ அடியில இன்னொரு பஞ்சு கெடந்துது. உங்கள்ல யாரும் ஃபேனத் தொடமாட்டீங்க. ஆடாத ஒருத்தர், பகல்ல இங்க வந்து உக்காந்து, பாயில சோறு சாப்பிட்டிருக்காரு." கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து அந்தக் கறிவேப்பிலையைக் காட்டினார். "புழுக்கம் தாங்காம ஃபேனப் போட்டுத் தூங்கியிருக்காரு. திருட வரல, கெடுக்கவும் வரல. கெட்டுப்போச்சேன்னு பதறி, தெரிஞ்ச மட்டும் சரி பண்ணியிருக்காரு."

"யாரு அது? சாவி இவங்ககிட்டதானே இருந்துது? பேரச் சொல்லுங்க" என்றார் வெற்றிச்செல்வன்.

"கார்குழலி இல்லன்னு சொல்றதுதான் நான் ஒத்துக்கிட்ட வேலை. பேரச் சொல்ல வேண்டியது அந்த மனுஷர்."

மூடிய ஜன்னல்களுக்குள் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. வெற்றிச்செல்வன் தலையை ஆட்டினார். "பேரில்லாத ஆள நாங்க எப்படி நம்பறது? கையத் தூக்கறவங்க தூக்குங்க."

கார்குழலி அந்தக் கறிவேப்பிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசற்படியைப் பார்த்தாள். கணவனின் கை இன்னும் பீரோவின் மேல்தான் இருந்தது. படியே ஏறாத மனிதனுக்கு அந்த ஸ்விட்ச் எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் மிச்சமும் விளங்கிவிட்டது.

"யாரும் கையத் தூக்க வேணாம்" என்றாள். "நான்தான் பண்ணேன். தோத்துடுவேன்னு பயந்து பண்ணிட்டேன். நான் போயிடறேன்."

மாதக்கணக்கில் அந்தக் கோட்டையின் ஒரு மூலையைக்கூட விட்டுக்கொடுக்காதவள், ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். செம்மல் திகைத்துப்போனான். சுலோசனா வாசற்படியைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

"அவ இல்ல" என்றான் கோபிநாத். "நான்தான்."

பீரோவிலிருந்து கையை எடுத்தான். "பொங்கலுக்கு அப்புறம் எங்க கம்பெனிய மூடிட்டாங்க. கடைசியாக் குடுத்த பணத்ததான் மாசாமாசம் சம்பளம்னு வீட்ல குடுத்துக்கிட்டிருந்தேன். காலைல சாவிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடுவேன். உள்ள தாழ் போட்டுக்குவேன். வெளிய சுத்துனா தெரிஞ்சவங்க கண்ணுல படுவேன். இவமேல பழி விழுந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். தெனமும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாய் வரல."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் கார்குழலி.

"சொன்னா நீ ஞாயித்துக்கெழமையும் எங்கனா வேலைக்குப் போறேன்னு கெளம்பிடுவ. இத விட்டுடுவ. நீ இங்க சிரிக்கறது கீழ வண்டி வரைக்கும் கேக்கும் குழலி. நம்ம வீட்ல நான் அதக் கேட்டதே இல்ல."

வெற்றிச்செல்வன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மதிவாணன் மூக்கை உறிஞ்சினார்.

"கத்திரியில, இந்தக் கதவச் சாத்திக்கிட்டா இருந்தீங்க? ஃபேன்கூட இல்லாம?" என்றாள் கார்குழலி.

"நீதான் போடக்கூடாதுன்னு சொல்லிருக்கியே. அந்த ஒரு நாள்தான் முடியல."

அப்போதுதான் அவள் அழுதாள். ஏமாற்றுக்காரி என்று பட்டம் கட்டியபோது வராத அழுகை, எல்லோர் முன்னாலும் அடக்கமாட்டாமல் வந்தது.

பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு வெற்றிச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"போட்டோவப் பாத்துப் பஞ்ச எல்லாம் பழையபடி வைங்க சார். உங்க சுத்துதான். அடுத்த வாரம் நான் வருவேன், செவுர எப்படி இடிக்கறீங்கன்னு பாக்கறேன்."

"வாங்கம்மா" என்றார் அவர், தலை நிமிராமல்.

வாசற்படியில் நின்றவன் கையிலிருந்து வண்டிச் சாவியை அவள் வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு உங்களுக்குச் சோறு கட்டமாட்டேன்" என்றாள். "வீட்லயே உக்காந்து, ஃபேனுக்குக் கீழ சாப்பிடுங்க."