குறையாத கட்டி

அந்த மெழுகுக் கட்டி குறையவே இல்லை என்பதை நிஸ்றா திங்கட்கிழமைதான் கவனித்தாள்.

மெழுகுக்குள் இருந்தது அவளுடைய குடல்வால். நான்கு வருடங்களுக்கு முன் வெட்டி எடுத்ததைத் தான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கே கொடுத்திருந்தாள். நோயாளிகளின் சதைச் சீவல்களுக்குப் பிறபொருளெதிரி ஊற்றிச் சாயமேற்றும்போதெல்லாம், அதே கண்ணாடித் தகட்டில், ஒப்பிட்டுப் பார்க்கும் கொன்றோலாக, அவளுடைய சதையிலிருந்தும் ஒரு மெல்லிய சீவலை ஒட்டுவார்கள். பெருகும் உயிர்க்கலங்கள் மண்ணிறமாகும், மற்றவை நீலமாகவே இருக்கும். நல்ல சதையில் அங்கங்கே சில மண்ணிறப் புள்ளிகள் வந்தால் சாயம் சரி. லீவே எடுக்காத ஆள் என் குடல்வால்தான் என்று அவள் சிரிப்பதுண்டு. நூற்றுக்கணக்கான தடவை சீவியாயிற்று. எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும்.

அன்று மத்தியான மழைக்காக வாவிப் பக்கத்து யன்னல்களைச் சாத்தியிருந்ததில், சைலீன் நெடியும் போமலின் காரமும் வெளியே போக வழியில்லாமல் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. டொக்டர் றொவீனா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது ஆர்ட நிஸ்றா? ஒரு இடம் மிச்சமில்ல, முழுக்க மண்ணிறம். பாவம், இந்த ஆளுக்கு நாளில்ல."

"அது கொன்றோல், டொக்டர்."

என்ட என்று சொல்ல வாய் வரவில்லை. சாயம் பழுதாகியிருக்கும், இன்னொன்று வெட்டிப் பார் என்று சொல்லிவிட்டு டொக்டர் சாப்பிடப் போனார். ஆனால் அதே கண்ணாடியில், அதே சாயம் பட்ட நோயாளியின் சீவல் சுத்தமான நீலமாக இருந்தது. நிஸ்றாவுக்குப் பயம் பிடித்தது. புதிய சீவல் நன்றாக வந்தால் தனக்கு ஒன்றுமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஐஸ் தட்டிலிருந்து கட்டியை எடுத்தாள். சுட்டது. சதை மெழுகுக்கு மேலே பிதுங்கியிருந்தது.

சீவும் பொறியில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். வழமையாக வரும் காய்ந்த நாடா வரவில்லை. ஈரமாக, வழுவழுப்பாக, வாவி வற்றும் நாட்களில் சேற்றுக்குள் அழுகும் மீனின் வீச்சத்தோடு ஒன்று நெளிந்து வந்து வெந்நீர்த் தட்டில் விழுந்து மெல்ல விரிந்தது. கத்தி சீவும் ஒவ்வொரு தடவையும் வலது அடிவயிற்றில் ஏதோ சுண்டி இழுத்தது.

கையை எடுத்தாள்.

சக்கரம் நிற்கவில்லை.

அபாயாவுக்குள் கையை விட்டுப் பழைய தழும்பைத் தடவினாள். வலியில்லை. ஈரம். அதே வீச்சம். விரலில் ஒரு நாடா முனை ஒட்டிக்கொண்டது. மெல்லியது. மண்ணிறம். தன் உடம்பே அவளுக்கு அருவருத்தது. பிய்த்து எறிந்துவிட இழுத்தாள்.

வந்தது.

இன்னும் வந்தது.

அவள் இழுக்க இழுக்க, எதிரே சக்கரம் அதே வேகத்தில் சுற்ற, மெழுகை உடைத்துக்கொண்டு கட்டி பருத்துக்கொண்டே இருந்தது.